எர்மோனும் அதன் பெயர்களும்

உபாகமம் 3:9-ஐ ஆராதனையில் வாசிக்கும்போது நம்மில் பலர் அதை விரைந்து கடந்துவிடுகிறோம். எர்மோனைச் சீதோனியர் சீரியோன் என்றும் எமோரியர் சேனீர் என்றும் அழைத்தனர் என்பது பிரசங்கத்திற்கு உதவாத செய்தியாகத் தோன்றுகிறது. ஆனால் 4:48-ல் அதே மலைக்குச் சீயோன் என்றும் ஒரு பெயர் வருகிறது. இதனை எருசலேமின் சீயோனோடு ஒன்றாக்கி நானே என் ஊழியத்தின் தொடக்க நாட்களில் பிரசங்கித்ததுண்டு. எபிரேயத்தில் எர்மோனைக் குறிக்கும் சொல் 'சின்' என்னும் எழுத்திலும், எருசலேமின் சீயோன் 'சாதே' என்னும் எழுத்திலும் தொடங்கும். தமிழ் எழுத்தில் இவ்வேறுபாடு மறைந்துவிடுகிறது. இரண்டு இடங்களுக்கும் இடைப்பட்ட தொலைவோ ஏறக்குறைய 190 கிலோமீட்டர்.

எர்மோன், எதிர்-லீபனோன் மலைத்தொடரின் தென்முனையில், இன்றைய சீரியா, லெபனான் நாடுகளின் எல்லையில் நிற்கிறது. உயரம் 2,814 மீட்டர். குளிர்காலத்தில் பெய்யும் உறைபனி உருகிச் சுண்ணாம்புப் பாறையின் பிளவுகளில் இறங்கி, அடிவாரத்தில் ஊற்றுகளாகப் புறப்படுகிறது. தாண், பனியாஸ், ஹஸ்பானி என்னும் இவ்வூற்றாறுகள் கூடியே யோர்தான் ஆகிறது. பனியாஸ், மாற்கு 8:27 கூறும் பிலிப்புச் செசரியாவின் இடமாகும். மறுரூப மலை எர்மோனே எனப் பலர் கருதுவதற்கு இந்த அண்மையே காரணம்.

அயலார் வழங்கிய பெயர்கள் கற்பனையல்ல. உகரித்து நூல்களில் பாகாலின் மாளிகைக்கு மரம் தரும் மலைகளாக லீபனோனும் சீரியோனும் இணைத்துக் கூறப்படுகின்றன. ஏத்திய உடன்படிக்கைகளில் இவ்விரு மலைகளும் சாட்சிகளாக அழைக்கப்படுகின்றன. கி.மு. 841-ல் தமஸ்குவின் ஆசகேல் சேனீர் மலையை அரணாக்கிக்கொண்டான் என அசீரிய அரசன் மூன்றாம் சல்மனாசரின் கல்வெட்டு கூறுகிறது. ஆகவே உபாகம ஆசிரியர் தம் காலத்து வழக்கையே பதிவு செய்துள்ளார். உன்னதப்பாட்டு 4:8-உம் 1 நாளாகமம் 5:23-உம் சேனீரையும் எர்மோனையும் தனித்தனியே கூறுவது முரண்பாடன்று. இம்மலைக்குச் சிகரங்கள் மூன்று. சங்கீதம் 42:6-ல் எபிரேயச் சொல் பன்மையில் நிற்பதும் இதனாலாகலாம். ஒரு பகுதியின் பெயர் முழுமலைக்கும் வழங்குவது எங்கும் உள்ளதே.

எர்மோன் என்னும் பெயரோ, விலக்கி அர்ப்பணித்தலைக் குறிக்கும் வேர்ச்சொல்லினின்று வந்ததென்பர். பாகால்-எர்மோன் என்ற வழக்கும் (நியாயாதிபதிகள் 3:3), சிகரத்தில் இன்றும் காணப்படும் ஆலய இடிபாடும் அம்மலையின் பழைய வழிபாட்டைக் காட்டுகின்றன. 1869-ல் சார்லஸ் வாரன் அங்கே ஒரு கிரேக்கக் கல்வெட்டைக் கண்டார்.

ஒங்கெலோசின் அரமேயத் தர்கூம் இதனை 'உறைபனி மலை' என்கிறது. அரபியிலும் அப்பெயர் உண்டு. இதைக் கொண்டு சங்கீதம் 133-ன் 'பனி'யை உறைபனியாக விளக்குவோர் நம்மிடையே உளர். எபிரேயச் சொல் 'தல்'. அது அதிகாலையில் புல்லின்மேல் படியும் பனித்துளி. உறைபனிக்குச் சொல் 'ஷெலெக்'. ஏசாயா 1:18-ல் அச்சொல் வருமிடத்தில் நம் பழைய திருப்புதலார் 'உறைந்த மழை' என்றே எழுதினர்.