முலுண்ட் உப்பும் கிரீன்லாந்துப் பனியும்

மும்பையின் முலுண்ட் கிழக்கில் நெடுஞ்சாலையைத் தாண்டினால் தாணே கழிமுகம் வரை உப்பள நிலம். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்தவர்களுக்கு அந்த வெளியைப் பார்த்தால் ஊர் ஞாபகம் வரும். கடல்நீரைப் பாத்தி பாத்தியாக மாற்றி, வெயிலில் சுண்டவிட்டு, மழைக்கு முன் உப்பை வாரிவிட வேண்டும். சுண்டச் சுண்ட நீர் கனக்கும். கனத்த நீர் அடியில் தங்கும். அதன்மேல் மழை விழுந்தால் நன்னீர் லேசாக மேலேயே படரும்.

அட்லாண்டிக் பெருங்கடல் ஓடுவதும் இந்தக் கணக்கில்தான். வெப்பமண்டலத்து வெயிலில் ஆவியாகி உப்பேறிய வெதுநீர் வடக்கே போகிறது. கிரீன்லாந்தை ஒட்டிய கடல்களில் குளிர்ந்து, உப்பின் கனமும் சேர, ஆழத்துக்கு இறங்குகிறது. அடியோட்டமாகத் தெற்கே திரும்புகிறது. நொடிக்குச் சுமார் 1.7 கோடி கனமீட்டர் நீர்! உலகத்து ஆறுகள் அத்தனையும் சேர்ந்தாலும் இதில் பத்தில் ஒரு பங்குகூட வராது. ஐரோப்பாவின் குளிரைத் தணிக்கும் வெப்பம் இந்த ஓட்டத்தோடுதான் போகிறது.

கடந்த பனியுகத்தில் இது பலமுறை தளர்ந்தது. வட அமெரிக்காவை மூடியிருந்த பனிப்படலத்திலிருந்து பனிமலைகள் கூட்டங்கூட்டமாகக் கடலில் மிதந்து போய் உருகின. அவை சுமந்துபோன கற்கள் அட்லாண்டிக் தரைவண்டலில் அடுக்கடுக்காகக் கிடப்பதை 1988இல் எழுதினார் கடலாய்வாளர் ஹார்ட்முட் ஹைன்ரிஷ். உருகிய நன்னீர் மூடிபோலப் படர, கீழிறங்கும் அளவுக்கு மேல்நீரில் கனம் இல்லை. வடக்கு உறைந்தது. ஓட்டம் மீண்டும் உயிர்பெற்றபோது கிரீன்லாந்தில் சில பத்தாண்டுகளுக்குள் 8 முதல் 16 டிகிரி வரை சூடேறியது. அங்கே சுமார் 3 கிலோமீட்டர் ஆழம் துளைத்தெடுத்த பனித்தண்டுகளில் இப்படிப்பட்ட திடீர் ஏற்றங்கள் ஏறத்தாழ 25 பதிவாகியிருக்கின்றன. ஒரு மனிதர் பிறந்து முதுமை அடைவதற்குள் நாட்டின் பருவநிலையே வேறாகிவிடும் வேகம் அது. பனியுகம் என்றதும் மாறாத குளிரைக் கற்பனை செய்துகொண்டிருந்த எனக்கு இது பெரிய அதிர்ச்சி.

சூடும் குளிரும் மாறிமாறி வந்த அந்தத் துடிப்பு நம் அரபிக்கடலிலும் இருக்கிறது. தென்மேற்குக் காற்று பலமாக வீசினால் சத்து நிறைந்த ஆழ்நீர் மேலே வரும், நுண்ணுயிர்கள் பெருகும். அவை மடிந்து மக்கும்போது ஆழத்தின் ஆக்சிஜன் தீர்ந்துபோகும். சேற்றைக் கிளறப் புழுக்கள் இல்லாததால் கறுத்த மெல்லிய ஏடுகள் கலையாமல் படியும். காற்று தளர்ந்தால் வண்டல் வெளிறும், புழுக்கள் துளைக்கும். பாகிஸ்தான் கரையை ஒட்டி எடுத்த இந்த வண்டலை ஆய்வாளர் ஹார்ட்முட் ஷுல்ஸ் குழுவினர் 1998இல் கிரீன்லாந்துப் பனியோடு ஒப்பிட்டார்கள். 1,10,000 ஆண்டு வரலாறு. அங்கே சூடேறிய காலங்களில் இங்கே கறுத்த ஏடுகள். அங்கே குளிர் இறுகிய காலங்களில் இங்கே வெளிறிய சேறு.

வடக்கு குளிர்ந்தால் வெப்பமண்டல மழைப்பட்டையே தெற்கே நகர்ந்துவிடும் என்பதுதான் இதற்கு வலுவான விளக்கம். முலுண்டுக்குப் பின்னால் மலைக்குள் இருக்கும் துளசி ஏரியை இன்று நிரப்புவது தென்மேற்கு மழை. சேறு வெளிறிய அந்த நூற்றாண்டுகளில் அதே மழைதான் மெலிந்துபோயிருந்தது.