நாட்பட்ட வலியின் மறுவாழ்வில் கூட்டுமுடிவு: தருமபுரி மாவட்ட எலும்பு ஃபுளோரோசிஸ் நோயாளரை முன்வைத்து

தருமபுரி மாவட்டத்தின் பாறைகளிலுள்ள ஃபுளோரைடு நிலத்தடி நீரில் கரைந்து, ஆழ்துளைக் கிணறுகள் வழியே குடிநீரிற் கலந்தது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்னும் வரம்பைக் கடந்த நீரை இளமையிற் பருகியோர்க்குப் பற்கறை ஏற்படுகிறது. மிகுந்த அளவில் நெடுங்காலம் பருகியோர்க்கு எலும்பு ஃபுளோரோசிஸ் ஏற்படுகிறது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கப்பட்டது. ஆயினும், மூட்டுகளைப் பிணைக்கும் நார்களில் ஏறிய சுண்ணாம்பு நீரை மாற்றியதால் கரைந்துவிடுவதில்லை. ஆகவே இந்நோயாளரின் மறுவாழ்வில் வலியை முற்றும் நீக்குதல் இலக்காக இயலாது. எச்செயலை மீட்பது என்பதே வினா. அதற்கு விடை சொல்லத்தக்கவர் நோயாளரே.

அவரது சொல்லிலிருந்தே தொடங்க வேண்டியுள்ளது. வலியைச் சுழியம் முதல் பத்து வரையான எண்ணாகக் கேட்கும் முறை மருத்துவமனைகளில் பரவலாக உள்ளது. தமிழ் வழக்கிலோ குடைச்சல், கடுப்பு, குத்தல், பிடிப்பு, விறைப்பு, எரிச்சல், மதமதப்பு எனச் சொற்கள் பல. இவை வெறும் வட்டாரச் சுவைக்குரியன அல்ல. முதுகெலும்புக் கால்வாய் குறுகி நரம்பு நெரிபடுவது இந்நோயில் அறியப்பட்ட சிக்கல். விறைப்பு என்றவர் ஒருநாள் மதமதப்பு என்று சொல்வாராயின், உடற்பயிற்சியை மாற்றுவதற்கு முன் நரம்பியல் ஆய்வு தேவைப்படுகிறது. எண் இவ்வேறுபாட்டைக் காட்டாது. ஒருவர் தம் வலியைப் பற்றிக் கூறுவது மதிக்கப்பட வேண்டும் என்பதைப் பன்னாட்டு வலி ஆய்வுக் கழகமும் 2020இல் திருத்திய வரையறையின் குறிப்புகளில் வலியுறுத்தியுள்ளது.

அடுத்து, உழைப்பு. ‘தரையில் அமராதீர், குனியாதீர்’ என்பது வழக்கமான அறிவுரை. புளியங்கொட்டை நீக்குபவருக்கும் களையெடுப்பவருக்கும் அது வேலையை விடச் சொல்வதேயாகும். வேலையைச் சிறு பகுதிகளாகப் பிரித்து, வலி மிகுமுன் நிலை மாற்றச் செய்வது பொருத்தமான வழி. ஆனால் எடைக்கணக்கில் கூலி பெறுபவருக்கு ஒவ்வோர் இடைவேளையும் கூலியிழப்பு. எத்தனை இடைவேளை, எந்நேரத்தில் என்பதை அவரே கணக்கிட்டுச் சொல்ல, இயன்முறை மருத்துவர் அதற்கேற்பப் பயிற்சியை வகுப்பதே நடைமுறைக்கு ஒத்தது. இக்கணக்கைக் கேளாமல், ‘நோயாளர் ஒத்துழைக்கவில்லை’ என்று எழுதுவது பிழையான பதிவு என்பது என் கருத்து.

2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சை வீட்டிற்கே வருகிறது. கட்டிலின் உயரம், குடம் வைக்குமிடம், கழிப்பறைப் படி ஆகியவற்றை அங்கே இருவரும் சேர்ந்து காண இயலும். குழாய்நீர் வராத நாள்களில் எந்நீரைப் பருகுகின்றனர் என்ற கேள்வியும் அவ்வருகைதோறும் எழ வேண்டும். குடும்பத்தார் பழைய ஆழ்துளைக் கிணற்றுக்குத் திரும்பினால் ஃபுளோரைடு மீண்டும் உடலிற் சேரத் தொடங்கும்.