இருமலும் அந்த மாத்திரையின் வேலைதான்

ரத்த அழுத்தத்துக்கு எனலாப்ரில், ராமிப்ரில் போன்ற மாத்திரைகளைத் தொடங்கியவர்களில் சிலருக்குக் கொஞ்ச நாளில் வறட்டு இருமல் பிடித்துக்கொள்கிறது. சளி கிடையாது, காய்ச்சல் கிடையாது. தொண்டையில் ஓயாத கிச்சுகிச்சு, படுத்தால் இன்னும் மோசம். இருமல் சிரப் எத்தனை பாட்டில் காலியானாலும் நிற்காது. மருந்து ஒத்துக்கொள்ளவில்லையா, பக்க விளைவே இல்லாத வேறொன்று உண்டா என்று வாசகர்கள் கேட்கிறார்கள். ‘பக்க விளைவே இல்லை’ என்று யார் விளம்பரம் செய்தாலும் நான் நம்புவதில்லை. ஏன் என்பதற்கு இந்த இருமலே போதுமான விளக்கம். மருந்து எங்கேயோ தவறியதால் வந்த கோளாறல்ல இது. அழுத்தத்தைக் குறைத்த அதே வேலையின் இன்னொரு முனை.

இந்த மருந்துகள் தடுப்பது ஏ.சி.இ. என்ற நொதியை. நுரையீரலின் நுண்ணிய ரத்தக்குழாய்ச் சுவர்களில் அது நிறைந்திருக்கிறது. அதற்குத் தெரிந்தது ஒரே வெட்டு: புரதத்துண்டின் நுனியிலிருந்து இரண்டு அமினோ அமிலங்களை நறுக்கிவிடும். பத்து அமினோ அமிலங்கள் கொண்ட ஆஞ்சியோடென்சின்-1ஐ வெட்டினால் எட்டு கொண்ட ஆஞ்சியோடென்சின்-2 கிடைக்கும். அது ரத்தக்குழாய்களை இறுக்கி அழுத்தத்தை ஏற்றும். ஒன்பது கொண்ட பிராடிகைனினை அதே மாதிரி வெட்டினால் அது செயலிழந்துபோகும். ஒரே வெட்டில் ஒன்று உயிர்பெறுகிறது, இன்னொன்று சாகிறது! தென்னந்தோப்பில் அரிவாளோடு நிற்பவரை நினைத்துக்கொள்ளுங்கள். இளநீரின் தலையைச் சீவினால் குடிக்கலாம். முளைத்துவரும் கன்றின் குருத்தைச் சீவினால் கன்று பட்டுப்போகும். அரிவாளைப் பிடுங்கிவிட்டால் இளநீர் வியாபாரம் நிற்கும். கண்ட இடத்தில் கன்றுகள் மண்டி நடக்க வழியில்லாமலும் போகும். அப்படி மூச்சுக்குழாயில் மண்டும் பிராடிகைனின் அங்குள்ள உணர்வு நரம்புகளைச் சீண்டுகிறது. இருமலுக்கு முக்கியக் காரணம் இதுதான் என்று கருதப்படுகிறது. மாத்திரையை மாற்றினால் பெரும்பாலும் சில வாரங்களில் அடங்கிவிடும்.

வரலாற்றில் ஒரு செய்தி மட்டும் இங்கே தேவை. பிராடிகைனின் 1949இல் பிரேசிலில் கண்டறியப்பட்டது. ஜராராகா விரியனின் விஷத்தில் பிராடிகைனினின் வீரியத்தைக் கூட்டும் பொருள் இருப்பதை 1965இல் ஆய்வாளர் செர்ஜியோ ஃபெரெய்ரா காட்டினார். அந்தத் தடம்தான் 1970களில் கேப்டோப்ரில் என்ற, இந்த வகையின் முதல் மாத்திரையில் போய் முடிந்தது. ‘பாம்பு விஷ மருந்து’ என்று எழுதுவது மிகை; மாத்திரையில் விஷம் இல்லை, அது செயற்கையாக வடிவமைத்த மூலக்கூறு. ஆனால் இருமலுக்குக் காரணமான பொருள், மருந்து பிறப்பதற்கு முன்பே அதன் கதையில் இருந்தது.

ரத்த அழுத்தத்துக்கே தரும் சார்டான் வகை மாத்திரைகளில் இருமல் பெரும்பாலும் வருவதில்லையே, அப்படியானால் பக்க விளைவைத் தனியாகக் கழற்றிவிடலாம்தானே என்று கேட்கலாம். பாதி சரி. லோசார்டான், டெல்மிசார்டான் இரண்டும் அரிவாளைத் தொடுவதில்லை. சீவிய இளநீர் குவிந்து கிடக்க, உறிஞ்சுகுழலை மட்டும் ஒளித்துவைக்கின்றன. அதாவது, ஆஞ்சியோடென்சின்-2 போய் உட்காரும் ஏற்பியை அடைக்கின்றன. கன்றுகள் வழக்கம்போல் சீவப்படுகின்றன. 25,000க்கும் மேற்பட்டோரிடம் நடந்து 2008இல் வெளியான ஆன்டார்கெட் ஆய்வில், இருமலால் மருந்தை நிறுத்தியவர்கள் ராமிப்ரில் குழுவில் 4.2 சதவீதம், டெல்மிசார்டான் குழுவில் 1.1 சதவீதம். மாரடைப்பு, பக்கவாதம் போன்றவற்றைத் தடுப்பதில் இரண்டும் சமம். ஆனால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறுவதும், சிறுநீரகத்தின் வடிகட்டும் அழுத்தம் குறைவதும், கர்ப்பகாலத்தில் சிசுவுக்கு ஆபத்தும் சார்டானிலும் அப்படியே இருக்கின்றன. அவை ஆஞ்சியோடென்சின்-2ஐத் தடுப்பதிலிருந்தே வருபவை. அதைத் தடுக்கத்தானே மாத்திரையே!

எதிர்த்திசையிலும் சான்று உண்டு. ஏ.சி.இ.யோடு, பிராடிகைனினைச் சிதைக்கும் நெப்ரிலைசின் நொதியையும் சேர்த்துத் தடுத்த ஓமாபாட்ரிலாட் அழுத்தத்தை நன்றாகவே குறைத்தது. ஆனால் பிராடிகைனின் இன்னும் மண்டியதில் உதடு, நாக்கு, தொண்டை வீங்கும் ஆபத்து எனலாப்ரிலில் 0.68 சதவீதமாக இருக்க, இதில் 2.17 சதவீதமானது, மருந்து கடைக்கு வரவேயில்லை. பெனிசிலின் ஒவ்வாமை போன்றவை இந்தக் கணக்குக்குள் அடங்காதவை. அங்கே பிரச்சினை நோயெதிர்ப்பு மண்டலத்தில். ப்ரில், சார்டான் மாத்திரைகளின் தொல்லைகளில் பெரும்பாலானவை அப்படியல்ல, முன்கூட்டியே ஊகிக்கக்கூடியவை. அதனால்தான் இவற்றைத் தொடங்கிய ஓரிரு வாரங்களில் கிரியேட்டினின், பொட்டாசியம் பரிசோதனை எழுதித்தருகிறார்கள். இருமல் வந்தால் மாத்திரையை நீங்களாகவே நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளலாம். முகமோ நாக்கோ வீங்கினால் அடுத்த வேளை மாத்திரையைத் தொடாமல் உடனே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும்.