அகிதாவா, ஷிபாவா? வாசலைப் பார்த்து முடிவெடுங்கள்

இரண்டும் ஜப்பான் நாயினங்கள், இரண்டுக்கும் நரிமுகம். நிமிர்ந்த முக்கோணக் காது, முதுகின்மேல் சுருண்ட வால், கன்னத்திலும் மார்பிலும் வெளுத்த ரோமம். தனித்தனிப் படமாகக் காட்டினால் எது பெரியது, எது சிறியது என்று சட்டெனச் சொல்ல முடியாது. அதனாலோ என்னவோ, ஷிபாவைச் 'சின்ன அகிதா' என்றே பலர் நினைக்கிறார்கள். தோட்டத்தோடு வீடு இருந்தால் அகிதா, ஃப்ளாட் என்றால் ஷிபா என்று சதுர அடியை வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். கணக்கு பிசகுவது அங்கேதான். பார்க்க வேண்டியது வாசலை: வீட்டுக்கு யார் யார் வந்துபோகிறார்கள், கதவு எவ்வளவு நேரம் திறந்து கிடக்கிறது?

அளவு வித்தியாசம் பெரிதுதான். ஆண் அகிதா தோள்வரை சுமார் 67 செ.மீ. உயரம் நிற்கும்; எடை 35 கிலோவைச் சாதாரணமாகத் தாண்டும். ஆண் ஷிபா 40 செ.மீ.க்குச் சற்றுக் குறைவு, எடை 10 கிலோவை ஒட்டி. ஆனால், குணத்தை உண்டாக்கியது உடம்பு அல்ல, பார்த்த வேலை. வடக்கு ஹொன்ஷுவின் பனிமலைகளில் மதாகி வேட்டைக்காரர்கள் கரடியின் எதிரே கொண்டுபோய் நிறுத்திய நாய்களின் வழி வந்தது அகிதா. பிறகு ஒதாதே வட்டாரத்தில் நாய்ச்சண்டைக்கு வளர்த்தார்கள். இன்னும் பெரிதாக வேண்டும் என்று தோசா போன்ற நாய்களோடு கலந்தார்கள். இனம் கரைந்துபோகும் நிலை வந்த பிறகு, 1931-ல் ஜப்பான் அரசு அதை இயற்கைச் சின்னமாக அறிவித்துக் காப்பாற்றியது. ஷிபாவுக்கு அந்தத் தகுதி 1936-ல் கிடைத்தது. அது புதருக்குள் நுழைந்து பறவையையும் முயலையும் கிளப்பிவிடும் நாய். எஜமானர் கண்ணுக்குத் தெரியாத இடத்தில், யாரையும் கேட்காமல் முடிவெடுப்பதுதான் அதன் தொழில்.

அகிதா வாங்க வருபவர்களில் பாதிப்பேரின் மனதில் ஹச்சிகோ இருக்கிறது. 1925 மே மாதம் இறந்துபோன பேராசிரியர் உஎனோவுக்காக, 1935 மார்ச்சில் தான் சாகும்வரை ஷிபுயா ரயில் நிலையத்துக்கு வந்துகொண்டிருந்த நாய். கதை பொய்யில்லை. ஆனால், விசுவாசத்துக்கு இன்னொரு முகம் உண்டு: ஒருவரை அவ்வளவு இறுகப் பிடித்துக்கொள்ளும் நாய், மற்றவர்களை எளிதில் உள்ளே விடாது. அழைப்புமணி அடித்தால் அகிதா பெரும்பாலும் குரைத்து ஊரைக் கூட்டாது. எழுந்து வந்து உங்களுக்கும் வந்தவருக்கும் நடுவில் நிற்கும், வால் ஆடாது. நாய் பழகியவர்களுக்கு அந்த மௌனத்தின் பொருள் தெரியும், கூரியர் கொண்டுவரும் பையனுக்குத் தெரியாது. வீட்டுப் பிள்ளைகளிடம் பொறுமையாக இருக்கும் அதே நாய், பக்கத்து வீட்டுச் சிறுவன் விளையாட்டாகக் கத்திக்கொண்டு நம் பிள்ளையைத் துரத்தினால் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளும் என்று நம்பி விடக் கூடாது. இன்னொரு நாய், அதிலும் தன் பாலைச் சேர்ந்தது, வீட்டில் இருப்பதையும் பல அகிதாக்கள் சகிப்பதில்லை. மாமா, சித்தப்பா, டியூஷன் பிள்ளைகள் என்று ஆள் வந்துகொண்டே இருக்கும் வீடு அகிதாவுக்குத் தோதில்லை; எத்தனை ஏக்கர் தோட்டம் இருந்தாலும்தான்.

ஷிபாவுக்கு விருந்தாளி ஒரு பொருட்டே இல்லை. முகர்ந்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்ளும். அதன் கண் கதவிடுக்கில் இருக்கும். பால் வாங்கத் திறந்த ஒரு சாண் இடைவெளி போதும். தெருவில் இருக்கும், அதன்பின் நீங்கள் கூப்பிடும் பெயர் வேறு யாருடையதோ. பல வருடம் பழக்கியவர்கள்கூட வேலியில்லாத இடத்தில் லீஷைக் கழற்றுவதில்லை. பூனை வளர்த்தவர்களுக்கு ஷிபா பிடிபடும்: சுத்தம் அதிகம், கொஞ்சல் குறைவு, எதையும் தன் விருப்பப்படி. குட்டியிலேயே படுக்கும் இடத்தை அசுத்தம் செய்யாமல் பழகிவிடுவது பெரிய நிம்மதி. நகம் வெட்டும் நாள்தான் சோதனை. கால் விரலைப் பிடித்தவுடன், நகவெட்டி இன்னும் படவே இல்லை, வீல் என்று ஒரு அலறல் எழும்பும். ஃப்ளாட்டில் அடுத்த வீட்டுக்காரர் கதவைத் தட்டி விசாரிக்கும் அளவுக்கு. குட்டியாக இருக்கும்போதே தினமும் பாதத்தைத் தொட்டுப் பழக்குவது ஒன்றே வழி.

இணையத்தில் 'டோஜ்' என்று உலகம் சுற்றிய அந்தக் கடைக்கண் பார்வை, கபோசு என்ற ஷிபாவினுடையது. கபோசு 2024 மே மாதம் இறந்தது. அதன் முகத்தைக் கிரிப்டோ நாணயச் சின்னமாக்கியவர்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ, மூடப்பட்ட ஒரு நாய்ப் பண்ணையிலிருந்து கைவிடப்பட்டு, காப்பகம் வழியாக வீடு கண்ட நாய் அது.

ரோமம் இரண்டுக்கும் இரட்டை அடுக்கு. வருடத்துக்கு இருமுறை உள்ரோமம் கொத்துக் கொத்தாகக் கழலும். ஒரு சீப்பு இழுப்புக்கு ஒரு கைப்பிடி வரும். வெயிலுக்கு இதமாக இருக்கும் என்று மழித்துவிடுவது தவறு, வெயிலைத் தடுப்பதும் அந்த ரோமம்தான். அகிதா பனிநாட்டு நாய். சென்னையின் மே மாதத்தில் ஏசி இல்லாமல் அதை வைத்திருப்பது கொடுமை. ஷிபா ஓரளவு தாக்குப்பிடிக்கும், நடை மட்டும் விடியலிலோ இருட்டிய பிறகோதான்.

சட்டமும் குறுக்கே வரலாம். 2024 மார்ச்சில் ஒன்றிய அரசின் கால்நடை பராமரிப்புத் துறை, ஆபத்தானவை என்று சில நாய் வகைகளைப் பட்டியலிட்டு, அவற்றின் விற்பனைக்கும் இனப்பெருக்கத்துக்கும் உரிமம் தர வேண்டாம் என்று மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. அதில் அகிதா உண்டு, ஷிபா இல்லை. அடுத்த மாதமே கர்நாடக உயர் நீதிமன்றம் அந்தக் கடிதத்தை ரத்து செய்தது. சிங்கப்பூரில் அகிதாவை இறக்குமதி செய்யவே முடியாது. அட்வான்ஸ் கொடுக்கும் முன் உங்கள் மாநகராட்சியிடமும் குடியிருப்போர் சங்கத்திடமும் கேட்டுவிடுங்கள்.

என்னைக் கேட்டால், முதன்முதலாக நாய் வளர்ப்பவருக்கு இரண்டுமே வேண்டாம். மனம் கேட்காது என்றால் ஷிபா. தப்பு நடந்தாலும் 10 கிலோ தப்பு, கையால் தூக்கிவிடலாம்.

அகிதாதான் என்று தீர்மானித்தவர்கள் எந்த அகிதா என்றும் கேட்க வேண்டும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்க வீரர்கள் ஊருக்குக் கொண்டுபோன பருத்த நாய்களிலிருந்து அமெரிக்க அகிதா தனியாகக் கிளைத்தது. ஜப்பான் அகிதாவின் முகத்தில் கறுப்பு முகமூடி இருக்காது. அப்படி ஒரு குட்டியை 'ஒரிஜினல் ஜப்பான்' என்று யாராவது காட்டினால் கிளம்பிவிடலாம். மற்றபடி, ஷிபாவோ அகிதாவோ, குட்டியைக் கையில் எடுப்பதற்குமுன் தாய் நாயைக் காட்டச் சொல்லுங்கள். அந்த வாசலுக்கு நீங்கள்தான் அந்நியர். உங்களை அது எப்படி எதிர்கொள்கிறது என்பதை விற்பவர் மறைக்க முடியாது. தாயைக் காட்டத் தயங்குபவரிடம் விலைகூடப் பேச வேண்டாம்.