ஒரு பக்கம் மட்டும் குறுக்கே திரும்ப வேண்டுமா?

மும்பை, டெல்லி என்று வேலை தேடிப் போன தமிழர்களில் பலருக்குச் சோறு போட்டது டைப்ரைட்டிங் ஹையர் சர்டிபிகேட். அகலமான ஸ்டேட்மென்ட் வந்தால், நீண்ட உருளை உள்ள மெஷினில் தாளைக் குறுக்காகச் செருகுவார்கள். அடித்து முடித்ததும் கடிதத்தோடு பின் குத்தி அனுப்பிவிடுவார்கள்.

இப்போது எல்லாம் ஈ-மெயில். கடிதமும் ஸ்டேட்மென்டும் ஒரே பைலில் போக வேண்டும். அங்கேதான் குமாஸ்தாக்கள் திண்டாடுகிறார்கள்.

ஒரு காண்டிராக்டரின் மாத பில்லை எடுத்துக்கொள்வோம். முதல் 2 பக்கம் கடிதம். 3-வது பக்கம் மஸ்டர் ரோல். 4-வது பக்கம் கையெழுத்து. மஸ்டர் ரோலில் நாளுக்கு ஒன்றாக 31 கட்டம். வரிசை எண், பெயர், மொத்த நாள், தினக்கூலி, தொகை ஆகியவற்றையும் சேர்த்தால் 36. ஏ-4 தாளின் அகலமோ 21 சென்டிமீட்டர்தான். ஓரத்தில் வெட்டுப்படுவது தொகைக் கட்டம்! பில் திரும்பி வரும். "பில் பாஸாகவில்லை" என்று கூலியை இழுத்தடிக்கும் காண்டிராக்டர்களும் உண்டே.

தாளைத் திருப்பினால் 29.7 சென்டிமீட்டர் கிடைக்கும். ஆனால் "லேண்ட்ஸ்கேப்" என்று அழுத்தியதும் 4 பக்கமும் சேர்ந்து திரும்பிவிடும்.

இரண்டு சுவர்

இதற்கு மைக்ரோசாப்ட் வேர்டில் உள்ள வழிதான் "செக்ஷன் பிரேக்". பைல் ஒரு பெரிய அறை என்றால், இது நடுவில் எழுப்பும் சுவர். மஸ்டர் ரோல் தொடங்கும் இடத்துக்கு முன்னால் கர்சரை வைத்து "லேஅவுட்", "பிரேக்ஸ்", "நெக்ஸ்ட் பேஜ்" என்று வரிசையாக அழுத்த வேண்டும். அது முடியும் இடத்தில் இன்னொன்று. பிறகு கர்சரை மஸ்டர் ரோலுக்குள் வைத்து "லேண்ட்ஸ்கேப்" கொடுத்தால் அந்தப் பக்கம் மட்டும் திரும்பும். வெறும் "பேஜ் பிரேக்" போதாது. அது பக்கத்தைத்தான் மாற்றும், அமைப்பைப் பிரிக்காது.

பெயர்ப் பட்டியலை அதே பக்கத்தில் 2 பத்தியாகப் பிரிக்க வேண்டுமானால் "கன்டினியூவஸ்" என்பதைப் பயன்படுத்தலாம்.

அழித்தால் ஆபத்து

பலர் ஏமாறுவது இங்கேதான். ஒரு பகுதியின் அமைப்பு முழுவதும் அதன் முடிவில் உள்ள பிரேக்கில்தான் அடங்கியிருக்கிறது. ஆகவே முதல் பிரேக்கை அழித்தால், மேலே உள்ள கடிதம் மஸ்டர் ரோலோடு சேர்ந்து குறுக்கே படுத்துவிடும். இரண்டாவதை அழித்தால் மஸ்டர் ரோல் நிமிர்ந்து, மீண்டும் ஓரம் வெட்டுப்படும். சுவர் கண்ணில் படாததால் தெரியாமல் அழிப்பவர்களே அதிகம். கன்ட்ரோல், ஷிப்ட், 8 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் பிரேக் இருக்கும் இடம் புள்ளிக் கோடாகத் தெரியும். அழித்தே விட்டாலும் பதற வேண்டாம். உடனே கன்ட்ரோலும் இசட்டும் அழுத்தினால் திரும்பி வரும்.

பக்கத் தலைப்பிலும் ஒரு சிக்கல் உண்டு. நிமிர்ந்த தாளுக்கு வைத்த தலைப்பு, குறுக்குத் தாளில் பாதி வழியில் நின்றுவிடும். அதைத் திருத்தினால் கடிதத்தின் தலைப்பும் மாறும். மஸ்டர் ரோல் பக்கத்திலும் அதற்கு அடுத்த பக்கத்திலும் "லிங்க் டு ப்ரீவியஸ்" என்பதை முதலில் நீக்கிவிட்டுத்தான் தலைப்பைத் தொட வேண்டும். பக்க எண் மறுபடி 1 என்று தொடங்கினால், பக்க எண் அமைப்பில் "கன்டினியூ ஃப்ரம் ப்ரீவியஸ் செக்ஷன்" என்பதைத் தேர்ந்தெடுத்தால் 3, 4 என்று தொடரும்.