13 கிலோமீட்டர், 28 டப்பா: ஒரு தப்புக்கணக்கு

போன நவம்பர் நடுவில் ஒரு சனிக்கிழமை, 11 வயது மகளைக் கூட்டிக்கொண்டு இங்கிலாந்தின் சில்டர்ன் குன்றுகளில் ஒரு ஜியோகேச்சிங் நடை போனேன். நான் போட்ட கணக்கு 4 மணி நேரம். ஆனது 7 மணி 5 நிமிடம். கடைசி ஒரு மணி நேரம் இருட்டில். யாருக்கும் அடிபடவில்லை. ஆனாலும் கணக்கு எங்கே உதைத்தது என்று தெரியாமல் எனக்குத் தூக்கம் வரல. உட்கார்ந்து பார்த்ததில் கிடைத்தது இது.

விளையாட்டு என்ன?

2000 மே மாதத் தொடக்கம் வரை பொதுமக்களுக்கான ஜி.பி.எஸ். சிக்னலில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே பிழையைக் கலந்து வைத்திருந்தது. 100 மீட்டர் வரை தள்ளிக் காட்டும். கிளின்டன் அரசு அதை நிறுத்தியதும் ஒரே ராத்திரியில் துல்லியம் பல மடங்கு கூடிவிட்டது. மறுநாள், மே 3, டேவ் உல்மர் என்பவர் ஓரிகன் மாநிலத்தில் ஒரு கறுப்பு பக்கெட்டைப் புதைத்து வைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை இணையத்தில் போட்டார். உள்ளே நோட்டுப் புத்தகம், பென்சில், ஒரு பீன்ஸ் டப்பா, உண்டிவில் இதெல்லாம். தேடிக் கண்டுபிடி, நோட்டில் பெயர் எழுது, வைத்த மாதிரியே வைத்துவிட்டு வா. அவ்வளவுதான் விளையாட்டு. இப்போ டப்பா பெரும்பாலும் பிலிம் ரோல் டப்பா அளவுதான்.

ஒவ்வொரு டப்பாவுக்கும் இரண்டு மதிப்பெண் உண்டு, 1 முதல் 5 வரை, அரை அரையாக. ஒன்று, தேடுவது எவ்வளவு கஷ்டம். இன்னொன்று, நிலம் எவ்வளவு கஷ்டம். நிலம் 1 என்றால் சக்கர நாற்காலியில் போகலாம், 5 என்றால் கயிறு, படகு மாதிரி ஏதாவது வேண்டும். நாங்கள் போன சுற்றில் 28 டப்பா, எல்லாமே நிலம் 2 அல்லது 2.5. "குழந்தையைக் கூட்டிட்டுப் போகலாம்"னு முடிவு பண்ணிட்டேன்.

முதல் தப்பு: பகுதியைப் பார்த்து முழுசை எடைபோட்டது

இப்படித் தொடராக வைக்கும் டப்பாக்களில் மதிப்பெண் பொதுவாகத் தனித்தனி டப்பாவுக்குத்தான். முந்தின டப்பாவிலிருந்து இதற்கு வருவது 2. அதே மாதிரி 28 தடவை நடந்தால் என்ன ஆகும் என்பதை எந்த எண்ணும் சொல்லாது. எங்கள் தொழிலில் யூனிட் டெஸ்ட் எல்லாம் பச்சையாக வந்து, லோடு டெஸ்டில் சர்வர் படுத்துக்கொள்ளுமே, அந்தக் கதை. 20 வருஷமாக இதைப் பார்க்கிறவன் நான். காட்டுக்குள் போனதும் மறந்துபோச்சு.

இரண்டாவது தப்பு: அம்பை நம்பியது

டிரிங் ரயில் நிலையத்தில் இறங்கி, ரிட்ஜ்வே பாதையில் பிட்ஸ்டோன் குன்று ஏறி, 233 மீட்டர் உயர ஐவிங்ஹோ பீக்கனுக்குப் போவது பாதி வழி. நடுவில் இன்கோம்ப் ஹோல் என்று தண்ணீரில்லாத ஒரு ஆழமான பள்ளத்தாக்கு இருக்கு. பாதை அதன் விளிம்பைச் சுற்றிப் போகும். போனில் உள்ள அம்பு நேர்கோட்டில் எதிர்ச்சரிவைக் காட்டியது. "இதோ அந்தப் பக்கம்தான்"னு புல்சரிவில் குறுக்கே இறங்கி ஏறினோம். நேரம் மிச்சமாகவில்லை, 15 நிமிடம் கூடத்தான் ஆனது. முக்கியமா, பிள்ளையின் கால் அங்கேயே தளர்ந்துவிட்டது.

திரும்பும் வழி ஆஷ்ரிட்ஜ் காடு. மேலே பீச் மரங்கள், கீழே சுண்ணாம்புப் பாறை மேல் படிந்த களிமண். கோவில்பட்டி கரிசல்காட்டில் மழைநாளில் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்தவன் நான், சேறு எனக்குப் புதுசில்லை. ஆனால் இங்கே செருப்பைக் கழற்ற முடியாது, ஷூவோடு சேர்ந்து கால் கனக்கும். மரங்களுக்கு நடுவே ஜி.பி.எஸ். சிக்னல் தண்டுகளில் பட்டுத் திரும்பி வருவதால் அம்பும் அலைபாயும். ஒரு டப்பாவுக்கு 25 நிமிடம் இலைக்குவியலைக் கிளறினோம். கிடைக்கவில்லை.

சரியான கணக்கு

வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892ல் ஒரு விதி சொன்னார். 5 கி.மீ. சமதளத்துக்கு 1 மணி, அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் 1 மணி. நல்ல திடகாத்திரமானவர் நிற்காமல் நடந்தால்தான் இது. அதை வைத்து:

- நடை 13 கி.மீ.: 2 மணி 36 நிமிடம்
- ஏற்றம் மொத்தம் 300 மீ.: 30 நிமிடம்
- 24 டப்பா, சராசரி 6 நிமிடம்: 2 மணி 24 நிமிடம் (மீதி 4ஐ விட்டுவிட்டோம்)
- சாப்பாடு: 30 நிமிடம்

மொத்தம் சரியாக 6 மணி. மிச்சம் 65 நிமிடத்தில் பள்ளத்தாக்குக்கு 15, கிடைக்காத டப்பாவுக்குக் கூடுதலாக 20, சேற்றுக்கு 30. ஒளிந்துகொண்டிருந்த பெரிய தொகை ஏற்றமும் இல்லை, சேறும் இல்லை. "சும்மா ஒரு நிமிஷம்"னு நினைத்த அந்த 6 நிமிடங்கள்தான். நடப்பதற்குச் சமமாக நின்றிருக்கிறோம்.

காலை 10:15க்குக் கிளம்பினோம். அந்தச் சமயத்தில் அங்கே சூரியன் மறைவது 4:10 வாக்கில். பிரிட்ஜ்வாட்டர் நினைவுத்தூண் அருகே வரும்போதே மங்கல். ஆல்ட்பரி கிராமத்துக்கு இறங்கும் காட்டுப்பாதையில் டார்ச் இல்லை, போனில் 9 சதவீதம் சார்ஜ்.

"அப்பா, இன்னும் எவ்வளவு தூரம்?"

"ஒரு கிலோமீட்டர்தாம்மா."

இதையே மூன்று தடவை சொன்னேன். மூன்று தடவையும் அம்பு காட்டிய நேர்கோட்டு எண்ணைப் படித்துத்தான் சொன்னேன், பொய் சொல்லணும்னு இல்லை. நாலாவது தடவை அவள் கேட்கவில்லை. என் கையை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அன்றைக்கு எனக்குப் பயம் வந்தது அப்போதுதான்.

5:20க்கு ரயில் நிலையம். சிப்ஸ் சாப்பிட்டு முடித்ததும் சொன்னாள்: "நீங்க ஒவ்வொரு டப்பாவுக்கும் ஒரு நிமிஷம்னு சொன்னீங்கப்பா. நான் வாட்ச்ல பாத்தேன்." அந்த 6 நிமிடச் சராசரி அவள் எடுத்ததுதான்.

இப்போது நான் முன்னாலிருந்து கணக்குப் போடுவதில்லை. சூரியன் மறைவதற்கு 1 மணி நேரம் முன்னால் முடிக்கணும் என்று வைத்து, அங்கிருந்து பின்னோக்கி வருகிறேன். டப்பாவுக்கு 6 நிமிடம், ஈரமாக இருந்தால் இன்னும் அரை மணி. தூரத்தை அம்பில் இல்லாமல், வரைபடத்தில் பாதை மேல் நூல் வைத்து அளக்கிறேன். பையில் இரண்டு டார்ச். அடுத்த சுற்றுக்கு 12 டப்பா போதும் என்று முடிவாகியிருக்கிறது. முடிவு எடுத்தது நான் இல்லை.