கோடை விடுமுறையில் பல்லாங்குழி
லக்ஷ்மிபாய் நகரிலேயே தில்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளி இருக்கிறது. கோடை விடுமுறையில் அதுவும் மூடிவிடும்; வெளியே 'லூ' காற்று. அந்த நாட்களில் தமிழும் கணக்கும் வீட்டில்தான் வளரணும். அதற்கு நான் சொல்லும் வழி பல்லாங்குழி.

பலகை இல்லையா? தரையில் சாக்பீஸால் எதிரெதிராக ஏழேழு வட்டம் போடுங்கள். 14 குழி, குழிக்கு 5 புளியங்கொட்டை, ஆக 70. ஒரு குழியை அள்ளி ஒவ்வொன்றாகப் போட்டு, முடிந்ததும் அடுத்த குழியை அள்ள வேண்டும். அது காலியென்றால் துடைத்துவிட்டு, அதற்கடுத்த குழியிலுள்ளதை எடுத்துக்கொள்ளலாம். நம் பக்கத்துக் குழியில் நான்கு சேர்ந்தால் 'பசு', அதுவும் நமக்கே.

எங்கே தொடங்கினால் எங்கே முடியும் என்று குழந்தை யோசிப்பதே கணக்கு. 'ஒண்ணு, ரெண்டு' என்று வாய்விட்டு எண்ணச் சொல்லுங்கள். 'ஒன், டூ' மட்டுமே பழகிய நாவில் தமிழ் எண்களும் தானே படிந்துவிடும்.